சேர்வராயன் மலையின் பூம்புதர்கள்

பங்குனி சித்திரை மாதங்களில் கோடை மழை ஒரு தடவை நன்றாகப் பெய்து, அதன்பின் எட்டு அல்லது பத்து நாட்கள் கழிந்த ஒரு விடியற்காலையில், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் செல்கிறவர், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் சரிவு சரிவாகப் பரந்து கிடக்கும் காப்பிச் செடிகள் யாவும் கிளைதோறும் கணுதோறும் வெள்ளை வெளேரென்று மலர்ந்து நிற்கக் கண்டு, மல்லிகையை நினைவூட்டும் ஒரு பரிமளம் பள்ளத்தாக்குகளில் நிறைந்திருப்பதையும் உணர்வாராயின், இம்மலையின் பிரதானமான பூந்தோட்டம் எது என்ற கேள்விக்கு ஏரிக்கரைப் பூங்காவை விடையாகச் சொல்லத் தயங்குவார். காப்பியை நாம் பானமாக அறிந்திருக்கும் அளவுக்குப் பூச்செடியாக அறியவில்லை. அது அபிசீனிய நாட்டுக் காடுகளில் உயர்ந்த மரங்களின் கீழே, அரை வெளிச்சத்தில், இயற்கையாகவே வளர்ந்து வந்த ஒரு புதர். வெட்டாமல் விட்டால் பதினைந்து இருபது அடி உயரம் போகக்கூடியதை, பறிப்பதற்கு வசதியாக ஆள் உயரத்தில் தலை கிள்ளிக் கவாத்துச் செய்து வைத்திருக்கிறார்கள். பூ மொட்டுகள் மழையற்ற மாதங்களில் இலைக் கக்கங்களில் உருவாகி உறங்குகின்றன. வறட்சி அவற்றைப் பக்குவப்படுத்துகிறது. ஒரு அங்குலத்துக்குக் குறையாத மழை அவற்றை எழுப்புகிறது. தோட்டக்காரர்கள் அதனைப் பூ மழை என்று அழைத்து, அது வரும் நாளையும் பெய்யும் அளவையும் ஆவலோடு குறித்து வைப்பது, வருஷத்தின் விளைச்சல் முழுவதும் அந்த ஒரு மழையில் அடங்கியிருக்கும் காரணத்தினால்தான். மலர்ந்தது இரண்டு மூன்று நாட்களுக்குள் வாடிவிடுகிறது.

இந்தப் புதர் இம்மலைக்கு வந்தது 1820களில். அப்போது சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் தமது கிரேஞ்சு தோட்டத்தில் காப்பியைப் பயிர் செய்து, பழச்செடிகள் பலவற்றையும் கொணர்ந்து நட்டார். ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வதும் உண்டு. அவருக்கு முன்னர் இம்மலை மனித வாசமற்றுக் கிடந்ததென்று எண்ணிவிடலாகாது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோர் என்று தம் மரபைச் சொல்லிக்கொள்பவரும், தமிழையே பேசுபவருமான மலையாளி என்னும் பழங்குடி மக்கள், இங்கே சாமையும் தினையும் விளைத்து, மலைமுடியிலுள்ள குகைக் கோயிலில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வழிபட்டு வந்தனர். இன்றும் வைகாசியை ஒட்டி நடைபெறும் அத்திருவிழாவே மலையின் பெருவிழாவாகும். ஆனால் வீட்டைச் சூழ அழகுக்கென்றே செடி வளர்க்கும் பழக்கம், காப்பித் தோட்டப் பங்களாக்களோடு சேர்ந்து வந்த ஒன்று. ஆகவே ஏற்காட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அது பெரும்பாலும் அயல் நாட்டுப் புதர்களின் சரித்திரமாக இருப்பதைக் காண்பார்கள்.

புதருக்குத் தோட்டத்தில் உள்ள ஸ்தானம் யாது என்பதை முதலில் சிறிது சிந்திப்பது நலம். அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்து, மரத்துக்குரிய தனித்த அடிமரம் இல்லாமல், மரக்கட்டையின் உறுதியை மட்டும் பெற்று, பல்லாண்டு வாழ்கின்ற செடி எதுவோ அதனைப் புதர் என்கிறோம். மரம் நட்டவன் அதன் பூவைப் பார்க்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும், பார்க்கும்போதும் அண்ணாந்தே பார்க்க வேண்டும். பாத்தியில் விதைக்கும் பருவச் செடிகளோ மூன்று மாதத்தில் பூத்து ஓய்ந்து வெறும் மண்ணை விட்டுச் செல்கின்றன. இரண்டாம் வருஷத்திலேயே பூக்கத் தொடங்கி, மனிதனின் கண் மட்டத்துக்கு மலரை ஏந்தி நின்று, முப்பது நாற்பது வருஷம் நிலைத்திருப்பது புதர் ஒன்றே. மலைத்தோட்டத்தில் அதற்கு மற்றொரு கடமையும் உண்டு. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டினாலும் வருஷத்துக்குச் சுமார் 1,500 மில்லி மீட்டர் மழை பெறும் ஏற்காட்டில், சரிவான நிலத்தின் மேல்மண்ணை ஒவ்வொரு மழையும் கீழே இழுத்துச் செல்லப் பார்க்கிறது. அடர்ந்த வேரும் தரை தொடும் கிளைகளும் உடைய புதர் வரிசைகள், படிக்கட்டுப் போல் அமைத்த மேடைகளின் விளிம்புகளில் நின்று, அம்மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆதலால் இங்கே புதரை அலங்காரம் என்று மட்டும் கருதுவது பிழையாகும்.

பங்களாத் தோட்டங்களுக்கு வந்த புதர்களுள் மலைவாசஸ்தலங்கள் அனைத்திற்கும் பொதுவான சிலவற்றைச் சொல்லலாம். மெக்ஸிகோவிலிருந்து வந்த பாயின்செட்டியா, இரவுகள் நீளத் தொடங்கிய பின்னரே பூக்கும் சுபாவமுடையது. ஆகவே மார்கழியில் அதன் உச்சியிலுள்ள இலைகள் செக்கச் சிவந்து, நடுவிலுள்ள சிறு மஞ்சள் பூக்களைச் சூழ்ந்து நிற்கின்றன. மெக்ஸிகோவில் அமெரிக்கத் தூதராயிருந்த பாயின்செட் என்பவர் 1828ஐ ஒட்டித் தம் நாட்டுக்கு அனுப்பியதனால் அவர் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பிரேசிலில் கண்டெடுக்கப்பட்ட போகன்வில்லா என்னும் காகிதப்பூ, முள்ளும் உறுதியும் உடையதாதலால் வேலிக்கும் வளைவுக்கும் ஏற்றதாயிற்று. சீமைச் செம்பருத்தி வகைகளையும், மாலையில் மணம் வீசித் தொங்கும் எக்காள வடிவப் பூக்களை உடையதும் உடல் முழுதும் விஷமானதுமான புரூக்மான்சியாவையும் பெயரளவில் குறித்து மேலே செல்வோம்.

ஆனால் ஹைட்ரேஞ்சியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது; ஏனெனில் இம்மலையின் பாறைக்கும் அச்செடியின் நிறத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் வியப்புக்குரியது. ஜப்பானிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தப் புதரின் பூக்கொத்துகள், ஒரே வகைச் செடியாக இருந்தும், ஓரிடத்தில் நீலமாகவும் மற்றோரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். நீலத்துக்குக் காரணம் அலுமினியம். புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் நீரில் கரைந்து வேர்களினால் உறிஞ்சப்பட்டுப் பூவின் செந்நிறப் பொருளோடு கூடி நீலமாக மாறுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அதே அலுமினியம் கரையாமல் தங்கிவிட, பூ சிவப்பாகவே நின்றுவிடுகிறது. பழைய தோட்டக்காரர்கள் நீலம் வேண்டுமென்றால் வேரடியில் படிகாரம் கரைத்து ஊற்றுவதும், சிவப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்பு தூவுவதும் இந்த உண்மையை அனுபவத்தினால் கண்ட முறைகளாகும். சேர்வராயன் மலையோ சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனது. யுக யுகாந்தரமாக மழையில் அப்பாறை நைந்து, கரையக் கூடியவை யாவும் கரைந்து போக, உச்சிப் பகுதிகளில் அலுமினியச் சத்தே பாக்சைட்டாகத் திரண்டு எஞ்சியது. மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையிலும் கொல்லிமலையிலும் பல்லாண்டு வெட்டி எடுக்கப்பட்டது அந்த பாக்சைட்டே ஆகும். உலையில் உலோகமாக உருகியதும் தோட்டத்தில் பூவை நீலமாக்குவதும் ஒரே அலுமினியமே என்பதை அறிந்தவர், தம் மண்ணைப் பரீட்சை செய்து பார்க்காமல் கடையில் நிறம் பார்த்துச் செடி வாங்க மாட்டார்.

இனிச் சொல்லப் போவது துயரமான பகுதி. தோட்டத்துக்கென்று அழைத்து வரப்பட்ட புதர்களுள் ஒன்று தோட்டத்தில் அடங்கியிருக்கவில்லை. உண்ணிச்செடி என்று நாட்டுப்புறத்தில் வழங்கும் லாந்தானா, அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களைச் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்து, அழகிய வேலியாகுமென்று நாடெங்கும் கொண்டு செல்லப்பட்டது. அது அழகிய செடி என்பதில் ஐயமில்லை. ஒரு கொத்திலேயே புதிதாக அலர்ந்த பூ மஞ்சளாகவும், வண்ணத்துப்பூச்சி வந்து சென்ற பழைய பூ செந்நிறமாகவும் இருந்து, தேனுள்ள பூ எதுவென்பதைப் பூச்சிக்கு அறிவிக்கும் ஏற்பாடு அதில் அமைந்திருக்கிறது. அழகுக்குக் காரணமான குணங்களே அதன் ஆதிக்கத்துக்கும் காரணமாயின. ஈரம் இருக்குமாயின் வருஷம் முழுவதும் அது பூக்கிறது. கறுத்துப் பழுத்த அதன் சிறு கனிகளைக் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் விரும்பித் தின்று, காடுமேடெல்லாம் விதையை எச்சமிடுகின்றன. இலையில் நச்சு உள்ளதால் ஆடு மாடுகள் அண்டுவதில்லை, தெரியாமல் தின்ற மாடு வெயில் பட்டால் தோல் வெந்து துன்புறுகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கிறது. தன் கீழே வேறு செடியின் நாற்று எழாதபடி மண்ணையும் மாற்றிவிடுகிறது. சேர்வராயன் மலையின் சரிவுகளில், கைவிடப்பட்ட நிலங்களிலும், சாலையோரங்களிலும், காடு கழித்த இடங்களிலும் இன்று அடர்ந்து நிற்பது இதுவே. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எதிர்ப்படும் அதன் வண்ணத்தைக் கண்டு மகிழும் பிரயாணி, தாம் காண்பது மற்றொரு காட்டின் அழிவு என்பதை அறிய மாட்டார்.

இதனை ஒழிக்க வழியில்லையா என்று கேட்கலாம். தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டிக் கவிழ்த்துப் போடுவதும், வெறுமையான அவ்விடத்தை உடனே உள்நாட்டுப் புல்லாலும் புதராலும் மூடுவதும், மூன்று நான்கு வருஷம் விடாமல் முளைகளைப் பிடுங்குவதும் சேர்ந்தால்தான் பயன் விளையும். வெட்டிவிட்டுப் போனால் முன்னிலும் அடர்த்தியாக எழும். மாதேசுவரன் மலையில் சோளகர் சமூகத்தார் அதன் தண்டுகளை வேகவைத்துப் பிரம்புக்கு ஈடாக வளைத்து நாற்காலியும் மேசையும் செய்து வருவது பாராட்டத் தக்கது. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென்று தனிக் கொள்கையொன்றை வெளியிட்டிருக்கிறது. அக்கொள்கை பெருங்காடுகளைக் கருதியது. தனியார் தோட்டங்களின் வேலிகளைச் சரிசெய்யும் பொறுப்பு தோட்டம் வைத்திருப்போரையே சாரும்.

இப்போது மலைக்கே உரிய புதர்களிடம் வருவோம். நாம் காப்பிச் செடியில் கண்டு வியந்த வெண்ணிறமும், நீண்ட குழல் வடிவும், இரவு முழுதும் வீசும் நறுமணமும் அச்செடிக்கு மட்டும் உரியன அல்ல. அது சேர்ந்த பெருங்குடும்பத்தின் பொதுச் சொத்து. அக்குடும்பத்தைச் சேர்ந்த பாவட்டை, காப்பி இங்கே வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இம்மலையின் சோலைகளிலும் அடிவாரக் காடுகளிலும் வெண்கொத்துகளாகப் பூத்து வந்தது. நிழலைப் பொறுக்கும், கவாத்தைப் பொறுக்கும், அந்துப்பூச்சிகளை மாலையில் திரளாக வரவழைக்கும். வேரும் இலையும் வைத்தியத்துக்கு உதவும். இத்தனை குணங்களும் பொருந்திய செடியை ஏற்காட்டு நாற்றங்கால்களில் கேட்டு வாங்குவது அருமையாக இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளிலை, பூவின் ஒரு புறவிதழை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெண்ணிற இலையாக விரித்து, பச்சைக் காட்டினூடே வெகு தூரத்திலிருந்து கண்ணைக் கவரும். கமாண்டர் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதன் இலை ஆகாரம்.

இக்குடும்பத்தில் தோட்டத்துக்குள் இடம் பெற்ற நம் நாட்டுச் செடி வெட்சி. இட்லிப்பூ என்று வீடுகளில் அழைக்கப்படும் அது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்திய பூக்களில் குறிஞ்சியை அடுத்து வருவது. அவ்வரிசையில் காயாவும் இருக்கிறது. காயா, அல்லது காசான், இம்மலையின் நடுச்சரிவுகளில் தடித்த பளபளப்பான இலைகளோடு அடர்ந்த புதராகவோ சிறுமரமாகவோ நிற்கும். கோடை மழைக்குப் பின்னர், இலை உதிர்ந்த பழங்கிளைகளின் கணுக்களைச் சுற்றி, கொத்துக் கொத்தாக ஆழ்ந்த நீலத்தில் பூத்துவிடும். திருமாலின் மேனிக்கு உவமையாகத் தமிழ்ப் புலவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட நிறம் அது. நீலத்துக்காக ஹைட்ரேஞ்சியாவை ஜப்பானிலிருந்து தேடிக் கொணர்ந்த தோட்டங்களின் வேலிக்கு அப்பால் இச்செடி யாரும் கவனியாமல் பூத்து உதிர்கிறது. வளர்ச்சி மிகவும் மெதுவானது என்பது மெய். கட்டை அதற்கேற்ற உறுதியுடையது. ஆயினும் பொறுமையுள்ள தோட்டக்காரனுக்கு அது தடையாகாது.

குறிஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை உதிர்த்து மடிகின்ற நீலக்குறிஞ்சியை நீலகிரிக்கும் பழனிமலைக்கும் மூணாற்றுக்குமே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். 2006இலும் 2018இலும் அங்கே அது பூத்தபோது திரண்ட கூட்டமே அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திற்று. கிழக்கு மலைத்தொடரில் சேர்வராயன் மலையிலும் அது உண்டு என்பது தாவர நூல்களில் பதிவாகியுள்ளது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததும், இம்மலையின் பெயரையே அடையாகக் கொண்டதுமான வெர்னோனியா சேவராயென்சிஸ் என்னும் சிறுமரமோ இங்கன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதாகத் தெரியவில்லை. காம்பிள் என்னும் தாவரவியலார் சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்தபோது அதற்குப் பெயரிட்டார். களா, விராலி முதலியன வறண்ட கீழ்ச்சரிவுகளுக்கு உரியவை. மலையடிவாரத்தில் வீடு கட்டுவோர் அவற்றை மறக்கலாகாது.

இவற்றை அறிந்துகொள்ளப் போதிய நூல்கள் இல்லையென்று சொல்வதற்கும் இடமில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த பி. எஃப். பைசன், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலோடு ஏற்காட்டையும் சேர்த்து, தென்னிந்திய மலைவாசஸ்தலங்களின் தாவரங்களைப் பற்றி 1932இல் ஒரு நூலை வெளியிட்டார். மலைகளில் காட்டுச் செடிக்கும் தோட்டத்திலிருந்து தப்பிய செடிக்கும் உள்ள எல்லைக்கோடு நாளுக்கு நாள் மங்கி வருவதை உணர்ந்தவராதலால், வந்தேறிய செடிகளையும் அவர் விடாமல் விவரித்தார். பின்னர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய பாதிரியார் கே. எம். மாத்யூ, தமிழகத்தின் கர்நாடகப் பகுதித் தாவரங்களைப் பற்றிய தமது பெருநூலில், சேலம் ஜில்லா மலைகளின் செடிகளை நேரில் சேகரித்து ஆராய்ந்து பதிந்து வைத்தார். 1963இல் இந்தியத் தாவர ஆய்வுத் துறை ஏற்காட்டிலேயே நிறுவிய தேசிய ஆர்க்கிட் தோட்டமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அறிவு நூல்களிலும் நிலையங்களிலும் இருக்கிறது. நாற்றங்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் நடக்கும் கோடை விழாவின் மலர்க் கண்காட்சியை நான் குறைகூற விரும்பவில்லை. சமவெளியின் வெயிலில் வெந்து வந்த குடும்பங்களுக்கு அது பெரும் ஆனந்தம். ஆயினும் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் டேலியாவும் சாமந்தியும் அடுக்கி, கொய்த மலர்களால் உருவங்கள் அமைத்து, சில நாட்களில் யாவும் அகற்றப்படும் ஒரு காட்சியைக் கொண்டு ஒரு மலையின் மலர்ச் செல்வத்தை மதிப்பிடுவது சரியன்று என்பதே என் அபிப்பிராயம். அதே பூங்காவின் ஒரு மூலையில் பாவட்டை, வெள்ளிலை, காயா, குறிஞ்சி வகைகள் ஆகியவற்றைப் பெயர்ப்பலகையோடு நிரந்தரமாக நட்டு வைத்தால், வந்து போகும் மாணவர்கள் தம் இலக்கியத்தில் படித்த பூவைக் கண்ணால் காண்பார்கள்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு நடைமுறை விஷயம். புதர்களைக் கவாத்துச் செய்வதில் நேரும் தவறே அவை பூக்காமற் போவதற்கு முதற்காரணம். செம்பருத்தியைப் போல இவ்வருஷத் தளிரில் பூப்பவற்றை, பூத்து ஓய்ந்தபின் ஆழ வெட்டலாம். ஹைட்ரேஞ்சியாவைப் போலவும் காப்பியைப் போலவும் சென்ற வருஷக் கிளையில் பூப்பவற்றை அவ்வாறு வெட்டினால் அடுத்த பருவத்தின் மொட்டுகளையே வெட்டி எறிந்தவராவோம். காயா பழங்கிளையில் பூப்பது. ஆதலால் அதில் அரிவாள் படாமலிருப்பதே நன்று. இந்த வேறுபாட்டைக் காப்பித் தோட்டத்தில் கவாத்து வேலை செய்து பழகிய தொழிலாளர் எவரும் நொடியில் சொல்லிவிடுவார். ஏற்காட்டில் அவ்வறிவுடையோர் ஏராளமாக உள்ளனர். வெட்சியைப் போத்திலிருந்தும் பதியத்திலிருந்தும், பாவட்டையைப் பழுத்த விதையிலிருந்தும் எளிதாக எழுப்பலாம். விதையையோ போத்தையோ எடுப்போர் காட்டுச் செடியை வேரோடு பிடுங்கக் கூடாது.

ஆடி மாதம் மலையில் நடவுக்கு ஏற்ற காலம். ஏற்காட்டில் நிலமோ வீடோ உடையவர்கள் இவ்வருஷம் தங்கள் வேலியிலுள்ள உண்ணிச்செடியை வேரோடு களைந்து, அவ்விடத்தில் பாவட்டையும் வெட்சியும் நட வேண்டுமென்றும், தோட்டக்கலைத் துறையார் அந்நாற்றுகளைத் தம் பண்ணைகளில் வளர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.